கேஷ், காசு: எது எதிலிருந்து வந்தது?

ஆங்கிலத்தின் 'கேஷ்' நம்முடைய 'காசு' தந்த சொல் என்ற செய்தி தமிழில் விடாமல் சுற்றி வருகிறது. மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கிறது. மாணவர்கள் அதைக் கட்டுரையிலும் எழுதிவிடுகிறார்கள். ஆக்ஸ்போர்டு அகராதியே இதை ஒப்புக்கொள்கிறது என்பார் ஒருவர். இன்னொருவர் அதே அகராதியைப் புரட்டி, பிரெஞ்சு, இத்தாலியன், லத்தீன் என்றுதானே போட்டிருக்கிறது என்பார். இருவரும் அகராதியைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். படித்த பதிவுதான் வேறு வேறு.

ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும் இரண்டு தனிச் சொற்கள் உண்டு. ஒன்று, கடையிலும் வங்கியிலும் நாம் தினமும் கேட்பது. அது தமிழிலிருந்து வரவில்லை. மற்றொன்று, ஆசியாவின் சிறு செப்பு நாணயத்துக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த பெயர். அது நம் காசுதான். இந்த இரண்டாவது சொல்லின் வரலாறு கைதட்டல் வாங்கும் முதல் கதையைவிடப் பெரியது. அதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

முதல் கேஷ்: பணம் வைக்கும் பெட்டி

லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி, பேழை. ரோமானியர்கள் சுருள் நூல்களை வைத்துக்கொண்ட உருளை வடிவப் பேழைக்கும் அதுவே பெயர். 'பிடி, எடு, கொள்' என்று பொருள்படும் ஒரு வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. நாம் அன்றாடம் சொல்லும் கேப்சூல் அந்தப் பெட்டியின் சிறு வடிவம். கேசட்டும் அப்படித்தான், சின்னப் பெட்டி என்று அர்த்தம்.

இத்தாலிய மொழியில் 'ப்ஸ' என்ற ஒலிக்கூட்டு 'ஸ்ஸ' ஆகிவிடும். காப்சா அங்கே 'காஸ்ஸா' ஆனது. பிரெஞ்சில் 'கேஸ்', போர்ச்சுகீசியத்தில் 'கைஷா', ஸ்பானிஷில் 'காஹா'. எல்லாவற்றுக்கும் பெட்டி என்பதே அடிப்படைப் பொருள்.

பெட்டி எப்படிப் பணமானது? இதற்குக் கணக்கெழுதும் வழக்கத்தைப் பார்க்க வேண்டும். 1494-இல் வெனிஸ் நகரில் லூக்கா பச்சோலி என்ற துறவி அச்சிட்ட கணித நூலில், வணிகர்கள் இரட்டைப் பதிவு முறையில் கணக்கு வைப்பது எப்படி என்று ஒரு பகுதி இருக்கிறது. வியாபாரம் தொடங்குபவர் தனியாகத் திறக்க வேண்டிய இரண்டு கணக்குகளை அவர் குறிப்பிடுகிறார். ஒன்று மூலதனம், மற்றது காஸ்ஸா. மரப்பெட்டிக்குப் பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, அந்தப் பக்கத்துக்குப் பெட்டியின் பெயரையே வைத்தார்கள். பெட்டிக்குள் பணம் வந்தால் ஒரு பக்கம் பதிவு, போனால் மறுபக்கம் பதிவு. இப்படி எழுதி எழுதி, 'காஸ்ஸாவில் எவ்வளவு இருக்கிறது' என்ற கேள்வியில் பெட்டி மறைந்து உள்ளே இருக்கும் பணம் மட்டும் நின்றது. 'கல்லாவில் எவ்வளவு?' என்று நம் கடைக்காரர் கேட்கும்போது மேசை இழுப்பறையின் அளவையா கேட்கிறார்?

ஆங்கிலத்துக்கு இச்சொல் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரெஞ்சு வழியாகவோ நேராக இத்தாலியிலிருந்தோ வந்து சேர்ந்தது. தொடக்கத்தில் பணப்பெட்டி, கையிலிருக்கும் பணம் என்ற இரண்டு பொருளும் சேர்ந்தே இருந்தன. ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில், கடனைப் பற்றிய பேச்சில், கேஷாகவே கொடுத்துவிடுகிறேன் என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. ஆக 1600-ஐ ஒட்டி லண்டன் நாடக மேடையில் நிற்பவர்களுக்கே புரியும் சொல்லாக அது பழகிவிட்டது. 18-ஆம் நூற்றாண்டுக்குள் பெட்டிப் பொருள் உதிர்ந்துபோய், பணம் மட்டும் மிஞ்சியது.

பிரெஞ்சு 'ஸ' ஆங்கிலத்தில் 'ஷ்' ஆவது விதிவிலக்கான மாற்றமும் அல்ல. நாயைக் கட்டும் வாருக்கு ஆங்கிலத்தில் லீஷ். அது பிரெஞ்சின் 'லேஸ்' என்ற சொல். பினிஷ் என்பதிலும் இதே மாற்றம் நடந்திருக்கிறது.

காசு எவ்வளவு பழையது

இப்போது நம் பக்கம். சங்கப் பாடல்களில் காசு என்பது முதலில் பொன்மணியாக, பொற்காசாக, அணியின் உறுப்பாக வருகிறது. குறுந்தொகையின் 67-ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார் காட்டும் காட்சி இது: கிளியின் வளைந்த அலகில் ஒரு வேப்பம்பழம். புது நூலைக் கோப்பதற்காகப் பொற்கொல்லன் தன் கூரிய நகத்தில் பிடித்திருக்கும் பொன்னணியின் ஒரு காசைப் போல அது இருக்கிறதாம். 'பொலங்கல ஒருகாசு ஏய்க்கும்' என்பது பாடலின் தொடர். மஞ்சள் நிறம், உருண்டை வடிவம், நூலில் கோக்கப்படும் பொருள். காசுமாலை அணியும் வீடுகளில் இந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது.

7-ஆம் நூற்றாண்டுக்கு வரும்போது காசு கைமாறும் பணமாகிவிட்டது. திருவீழிமிழலையில் பஞ்ச காலத்தில் சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு அளித்ததாகவும், சம்பந்தருக்குக் கிடைத்த காசை மாற்றும்போது மட்டும் கடைக்காரர்கள் வட்டம் பிடித்ததாகவும் மரபு சொல்கிறது. 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று தொடங்கும் பதிகம் அப்போது பாடியது. வாசி என்பது நாணயத்தை மாற்றும்போது மதிப்பில் கழித்துக்கொள்ளும் பகுதி. தரம் குறைந்த காசு, அதற்கு ஒரு கழிவு, அதைத் தெரிந்துவைத்திருக்கும் கடைவீதி என்று ஒரு முழு நாணயச் சந்தையே அந்த ஒற்றை வரியில் தெரிகிறது.

முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு கடனாகக் கொடுக்கப்படுகிறது. கோயில் பண்டாரத்திலிருந்து ஊர்ச் சபைகள் காசு வாங்கின. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை. பொலிசை என்றால் வட்டி, அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. நூற்றுக்கு 12.5 வட்டி என்று இன்றைய கணக்கில் சொல்லலாம்.

பாட்டின் இலக்கணத்திலும் காசுக்கு ஓர் இடம் உண்டு. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக முடிய வேண்டும் என்று பள்ளியில் படித்தது நினைவிருக்கலாம்.

மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு ஆகிய மொழிகளிலும் இச்சொல் வழங்குகிறது. இதற்கும் அப்பால், சம்ஸ்கிருதத்தில் பொன் வெள்ளி நிறுக்கும் எடையான 'கர்ஷ' என்பதோடு ஆங்கில அகராதிகள் காசை இணைக்கின்றன. அது தனி விவாதம். கேஷ் பற்றிய கேள்விக்கு அதன் முடிவு எதுவானாலும் பாதகமில்லை.

இரண்டாவது கேஷ்: கடல் தாண்டிய காசு

போர்ச்சுகீசியர் 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கினார்கள், 1511-இல் மலாக்காவைப் பிடித்தார்கள். தென்னிந்தியக் கரையில் சிறு நாணயத்துக்குக் காசு என்ற பெயரைக் கேட்டு, அதைத் தங்கள் எழுத்தில் 'கைஷா' என்று எழுதினார்கள். மலையாளக் கரையில் இந்தச் சொல்லில் ஷகரச் சாயல் இருப்பதும் இதற்கு உதவியிருக்கும். அப்புறம் கிழக்கே போகப் போக, எங்கெல்லாம் மலிவான செப்பு நாணயத்தைப் பார்த்தார்களோ அங்கெல்லாம் அதே பெயரைச் சூட்டினார்கள்.

டச்சுக்காரரான லின்ஷோட்டன் கோவாவில் பேராயரின் செயலராக இருந்தவர். அவருடைய பயண நூல் 1598-இல் ஆங்கிலத்தில் வந்தது. சுண்டாவில், அதாவது மேற்கு ஜாவாவில், 'கைஷா' என்ற செப்பு நாணயத்தைத் தவிர வேறு பணமே இல்லை என்கிறது அந்த நூல். நடுவில் துளை, இருநூறு, ஆயிரம் என்று கயிற்றில் கோத்து வைப்பார்கள், அளவில் ஹாலந்தின் 'டாய்ட்' நாணயத்தைப் போல இருக்கும் என்கிறது. அந்த டாய்ட்தான் டச்சு மொழியின் 'டெய்ட்'. தமிழ்நாட்டில் துட்டு என்று நாம் சொல்வது அதைத்தான். தமிழ்ச் சொல் ஜாவா போக, டச்சுச் சொல் தமிழுக்கு வந்திருக்கிறது.

நடுவில் துளையுள்ள அந்த நாணயம் சீனாவின் வடிவம். கி.மு. 221-இல் சீனாவை ஒன்றாக்கிய சின் அரசு, சதுரத் துளையிட்ட வட்ட நாணயத்தை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வடிவம் மாறவில்லை. சீன மொழியில் அதற்குப் பெயர்கள் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் எழுதும் நாணயவியலாளர்கள் அத்தனை நூற்றாண்டு நாணயங்களையும் இன்றுவரை 'கேஷ்' என்றே அழைக்கிறார்கள். அருங்காட்சியகக் குறிப்பட்டையிலும் ஏல அட்டவணையிலும் அந்தப் பெயர்தான். உலகிலேயே மிக நீண்ட காலம் வார்க்கப்பட்ட நாணய வடிவங்களில் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் நிலைத்த பெயர் நம் காசு! தமிழர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

யூலும் பர்னெலும் 1886-இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் இந்தக் கதையைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.  நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் இரண்டு கேஷையும் குழப்பிக்கொண்டிருக்கிறோம்.

சென்னையின் கேஷ்

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னையில் கேஷ் என்பது அதிகாரபூர்வமான அலகு. கணக்கு இப்படி:

1. 80 கேஷ் சேர்ந்தால் 1 ஃபனம். இது நம் பணம் என்ற சொல். அந்தக் காலத்தில் அது ஒரு சிறு நாணயத்தின் பெயர்.
2. 42 ஃபனம் சேர்ந்தால் 1 நட்சத்திர பகோடா. தமிழில் வராகன்.
3. ஆக ஒரு வராகனுக்கு 3,360 கேஷ்.

1803-இல் கம்பெனிக்காக பர்மிங்காமின் சோஹோ நாணயச் சாலையில் அச்சிட்ட 20 கேஷ் நாணயம் ஒன்றே இதற்கு நல்ல சாட்சி. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்தில் 'பீஸ்த் காஸ்' என்றும், கீழே ஆங்கிலத்தில் இருபது கேஷ் என்றும் இருக்கும். பாரசீகத்தில் எழுதியவர் காசு என்ற ஒலியைக் கேட்டபடி 'காஸ்' என்று எழுதினார். ஆங்கிலத்தில் எழுதியவர் தனக்குப் பழகிய எழுத்துக்கூட்டில் எழுதினார். ஒரே சொல், ஒரே நாணயத்தில், இரண்டு எழுத்தில்.

இதே வகை 10 கேஷ், 20 கேஷ் நாணயங்களை 1808-ஆம் ஆண்டு முத்திரையோடு ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் உள்ள குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980-களில் முக்குளிப்போர் அதிலிருந்து ஏராளமான நாணயங்களை மேலே கொண்டுவந்தார்கள். சென்னைக் கடைவீதிக்குப் போக வேண்டிய காசு, இன்று உலகெங்கும் நாணயச் சேகரிப்பாளர்களின் கையில் இருக்கிறது.

1818-இல் சென்னை மாகாணத்தின் கணக்கு ரூபாய்க்கு மாறியது. திருவிதாங்கூரோ 16 காசு ஒரு சக்கரம் என்ற தன் முறையை 1949 வரை வைத்திருந்தது. அந்த நாணயங்களில் ஆங்கிலத்தில் கேஷ் என்றே இருக்கும்.

இரண்டும் எங்கே தொட்டுக்கொண்டன

குழப்பத்துக்கு உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. போர்ச்சுகீசியத்தில் 'கைஷா' என்றால் ஏற்கெனவே பெட்டி. காசைக் கேட்டவர்கள் அதைத் தங்கள் மொழியின் பெட்டிச் சொல்லைப் போலவே எழுதிவிட்டார்கள். 'கா' என்ற நெடிலுக்கு 'கை' வந்ததற்குக்கூட அந்தப் பழக்கமே காரணம் என்று கருத இடமுண்டு. பின்னால் ஆங்கிலேயர்கள் அந்தக் கைஷாவைத் தங்கள் மொழியில் இருந்த கேஷ் என்ற எழுத்துக்கூட்டுக்குள் போட்டார்கள். இரண்டு சொற்களின் வேர்களும் தனித்தனி; எழுத்து மட்டும் ஒன்றாகிப் போனது.

சொல்லின் பிறப்பைச் சோதிப்பது எப்படி

ஒலி ஒத்திருக்கிறது, பொருள் ஒத்திருக்கிறது என்ற இரண்டை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. கேட்க வேண்டியவை இவை.

1. காலம் பொருந்துகிறதா? பச்சோலி காஸ்ஸா என்று எழுதிய 1494-இல் வாஸ்கோ ட காமா இந்தியாவுக்கே வரவில்லை. நான்கு ஆண்டு கழித்துத்தான் வந்தார். இந்த ஒரு தேதியே வழக்கை முடித்துவிடும். பெட்டிச் சொல்லோ அதற்குப் பல நூற்றாண்டு முந்தையது.

2. முதல் பொருள் என்ன? ஆங்கில கேஷுக்கு ஆரம்பத்தில் பணப்பெட்டி என்ற பொருளும் இருந்தது. காசு எந்தக் காலத்திலும் பெட்டியைக் குறித்ததில்லை.

3. உடன்பிறப்புகள் யார்? கேஷியர் என்பவர் பெட்டியைக் காப்பவர், பிரெஞ்சின் 'கேசியே'. பொருள் வைக்கும் உறை என்ற பொருளில் வரும் கேஸ், கேசட், கேப்சூல் எல்லாம் ஒரே குடும்பம். காசிலிருந்து இவற்றை விளக்க முடியாது.

4. வழி தெரிகிறதா? உண்மையில் தமிழிலிருந்து போன சொற்களுக்குப் பயணத் தடம் இருக்கும். சுருட்டு, கட்டுமரம், மிளகுத்தண்ணி மூன்றும் இந்தக் கரையில் வாழ்ந்த ஆங்கிலேயர்களின் எழுத்தில் முதலில் தோன்றி, பிறகு லண்டனுக்குப் போனவை. நாணயக் கேஷுக்கும், போர்ச்சுகீசியர் வழியாக, அப்படி ஒரு தடம் இருக்கிறது.

கேஷ்யூ என்ற முந்திரிக்கொட்டைப் பெயரையும் காசோடு இணைப்பவர்கள் உண்டு. அது பிரேசிலின் துப்பி மொழிச் சொல். மரத்தோடு பெயரும் போர்ச்சுகீசியர் கையில் வந்தது. அவ்வளவுதான்.

தவறான பெருமைக்கு ஒரு விலை இருக்கிறது. காப்சாவைத் தெரிந்த வெளியூர் ஆய்வாளர் ஒருவர் 'கேஷ் தமிழ்ச் சொல்' என்ற வாக்கியத்தைப் படித்தால், அதே பக்கத்தில் நாம் எழுதியிருக்கும் கட்டுமரத்தையும் நம்பமாட்டார். ஆதாரம் உள்ள சொற்களின் மதிப்பையும் ஆதாரம் இல்லாத சொல் இழுத்துக்கொண்டு போய்விடும்.

இன்றைய செய்தியில் கேஷ்: இடத்துக்கு ஒரு பொருள்

பெட்டியின் நிழல் கேஷ் என்ற சொல்லை விட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை. செய்தியில் கேஷ் என்று வந்தால் எந்தப் பெட்டியைச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

1. கடையிலும் வரிச் சட்டத்திலும்: நோட்டும் நாணயமும். ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்ற விதி 2017 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. ஜிபேயில் வந்த தொகைக்கு இந்தத் தடை கிடையாது. கையில் எண்ணிக் கொடுத்ததற்கே தடை.

2. நிறுவனக் கணக்கில்: கையிருப்பு ரொக்கத்தோடு, கேட்டவுடன் எடுக்கக்கூடிய வங்கி வைப்பும் கேஷ்தான். மூன்று மாதத்துக்குள் முதிரும் சில குறுகிய கால முதலீடுகள் 'கேஷுக்கு நிகரானவை' என்று அதோடு சேரும். ஒரு நிறுவனத்திடம் ஆயிரம் கோடி கேஷ் இருக்கிறது என்ற செய்தியைப் படித்துவிட்டு, எங்கோ கட்டுக்கட்டாக நோட்டு அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அதில் பெரும்பகுதி வங்கிக் கணினியில் இருக்கும் எண்.

3. ரிசர்வ் வங்கியின் 'கேஷ் ரிசர்வ் ரேஷியோ': வங்கிகள் தாங்கள் வாங்கிய வைப்புத்தொகையில் ஒரு பங்கை ரிசர்வ் வங்கியில் இருப்பாக வைக்க வேண்டும். பெயரில் கேஷ் இருந்தாலும், அது ரிசர்வ் வங்கியில் உள்ள கணக்கின் இருப்பு.

4. வங்கிக் கிளையில் 'கேஷ் கிரெடிட்', வியாபாரிகள் சொல்லும் சிசி: இது கடன். சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் அடமானமாகக் காட்டி, ஒரு வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். எடுத்த தொகைக்கு, எடுத்திருந்த நாட்களுக்கு வட்டி. பெயரைக் கேட்டு ரொக்கம் என்று எண்ணுபவர்கள் ஏமாந்துபோவார்கள்.

5. மருத்துவமனையில் 'கேஷ்லெஸ்': இங்கே கேஷ் என்பது நோயாளியின் கையிலிருந்து போகும் பணம் முழுவதும், அட்டையில் கட்டினாலும் சரி, யுபிஐயில் கட்டினாலும் சரி. காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்கு நேராகக் கட்டிவிடும் என்பதே பொருள். இலவசம் என்று பொருள் கிடையாது. பாலிசி ஏற்காத செலவுகளுக்கும் அறை வாடகை வரம்பை மீறிய தொகைக்கும் வீட்டுக்குக் கிளம்பும்போது பில் வரும். ஆகவே சேரும் அன்றே, எந்தச் செலவு பாலிசியில் அடங்காது என்று காப்பீட்டு மேசையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.